முப்பத்தைந்து வயதில் ஓர் இரசாயனப் பட்டம்



மருத்துவரான நான் இன்று ஓர் இரசாயனவியலாளரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம், இரணைமடுப் பக்கமிருந்து என்னிடம் வரும் பெண்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தை: "இடம்பெயர்வோட படிப்பு நிண்டுபோச்சு டொக்டர், இனி இந்த வயசில என்ன?"

சிறில் பொன்னம்பெரும 1923 இல் காலியில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்து 1948 இல் பட்டம் பெற்றார். பின்னர் லண்டன் பேர்க்பெக் கல்லூரியில் இரசாயனவியல் படித்தார். அந்தப் பட்டம் கிடைத்தது 1959 இல், ஏறத்தாழ முப்பத்தைந்து வயதில். 1962 இல் அமெரிக்காவின் பேர்க்லியில், நோபல் பரிசு பெற்ற மெல்வின் கல்வினின் வழிகாட்டலில் கலாநிதியானார். அடுத்து நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார்.

உயிரற்ற பொருளிலிருந்து உயிரின் மூலக்கூறுகள் எப்படித் தோன்றின என்பதே அவர் கேள்வி. 1963 இல் அவரும் கார்ல் சேகனும் ரூத் மரினரும் புறஊதாக் கதிரின் துணையுடன் ஏ.ரி.பி.யை உருவாக்கிக் காட்டினர். நமது உடற்கலங்கள் சக்திக்காகச் செலவிடுவதும் இதே ஏ.ரி.பி.தான்.

1969 இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் ஒரு விண்கல் விழுந்தது. அதில் அமினோ அமிலங்கள் இருந்தன. ஆனால் விரல் பட்டாலே கல்லில் அமினோ அமிலம் ஒட்டிவிடும். வந்தது வானிலிருந்தா, தொட்டவர் கையிலிருந்தா? பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு இடக்கை, வலக்கை போல இரு வடிவங்கள் உண்டு. உயிர்களின் புரதங்களில் இருப்பது இடக்கை வடிவம். கல்லிலோ இரண்டும் ஏறக்குறையச் சமம். புரதங்களில் இல்லாத அமினோ அமிலங்களும் அதில் இருந்தன. இந்தச் சான்றுகளுடன்தான் அவரது குழு 1970 இல் முடிவை வெளியிட்டது. இரத்தப் பரிசோதனை அறிக்கை வந்தால், மாதிரி சரியாக எடுக்கப்பட்டதா என்று நாங்களும் முதலில் கேட்கிறோம்.

1971 முதல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். எண்பதுகளில் இலங்கையின் அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்துக்கும் பணிப்பாளரானார். 1994 இல் காலமானார்.

அவர் கதையும் எங்கள் கதையும் ஒன்றல்ல. அவர் பாடத்தை மாற்றிக்கொண்டவர். எங்கள் பிள்ளைகளிடமிருந்து பாடம் பறிபோனது. ஆனாலும், பிந்தித் தொடங்கினால் விஞ்ஞானம் வராது என்ற பேச்சுக்கு அவர் வாழ்க்கை மறுப்பு.

தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எந்த வயதிலும் உயர்தரப் பரீட்சை எழுதலாம். அப்படி எழுத விரும்பும் பெண்களுக்கு எமது ஆய்வுகூடத்தைச் சனிக்கிழமைகளில் திறந்துவிட அதிபர் இசைவாரா? சங்கம் முன்வந்தால், முதல் சனிக்கிழமை உயிரியல் பாடம் எடுக்க நான் வருகிறேன்.