ஊன்றுகோலை ஒளித்துவைக்கச் சொல்வது யார்?



உதவித்தொகை பற்றியும் அடையாள அட்டை பற்றியும் பேச வேறு மேடைகள் உண்டு. நான் இங்கே எடுத்துக்கொள்வது எந்த மனுவிலும் எழுத முடியாத ஒரு குறை. இருபது வயது இளைஞர் ஒருவருக்கு ஊன்றுகோல் தேவைப்படுகிறது. வீட்டில் அது இருக்கவும் இருக்கிறது. வெளியே கிளம்பும்போது அதைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு, சுவரைப் பிடித்தும் நண்பன் தோளைப் பற்றியும் நடக்கிறார். குடும்பத்தோடு போட்டோ எடுக்கும்போது "கட்டையை ஓரமா வை" என்கிறார்கள், வைத்துவிடுகிறார். மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் பெண்ணின் வாக்கர் பின்கட்டுக்குப் போய்விடுகிறது. ஏன் என்று கேட்டால், "அவங்களுக்கே கூச்சமா இருக்கு, நாம என்ன செய்ய?" என்று ஊர் கையை விரிக்கிறது. அந்தக் கூச்சம் அவர்கள் கூடவே பிறந்ததல்ல, நாம் கொடுத்தது. கொடுத்தவர்கள்தான் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். இதுதான் என் வழக்கு.

சாட்சி கேட்பீர்கள். முதல் சாட்சி நம் நாட்டு வழக்கமே. எழுபது வயதுத் தாத்தா கையில் கோலோடு வந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திண்ணையில் இடம் கொடுக்கிறோம். வழுக்குகிற நிலத்தில் ஊன்றுகோல் எப்படித் துணை நிற்குமோ அப்படி ஒழுக்கமுள்ளவர் சொல் துணை நிற்கும் என்று வள்ளுவர் பேசும்போது, அந்தக் கோலில் அவருக்கு எந்த இழிவும் தெரியவில்லை. 2009-க்குப் பிறகு கலைஞர் கருணாநிதி சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே இந்த மாநிலத்தை ஆண்டார், அதே நாற்காலியோடு தேர்தல் பிரசாரத்துக்கும் வந்தார். அவரை ஏற்றவர்களும் எதிர்த்தவர்களும் அவருடைய அரசியலைப் பேசினார்கள். நாற்காலியைக் கண்டு யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆக, கோலையும் நாற்காலியையும் மதிப்போடு பார்க்கத் தமிழருக்குத் தெரியும். அதே கோல் இருபது வயதுக் கையில் இருந்தால் மட்டும் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டிலிருந்து கேள்வி வருகிறது: "இந்த வயசுல என்னப்பா ஆச்சு?" அடுத்து, "பிறவியிலேயேவா?" அதற்கடுத்து, "கல்யாணம் எப்படி?" கேட்பவருக்கு அது அன்பு. கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போய்ச் சேர்வதற்குள் முன்பின் தெரியாத நாலு பேருக்குத் தன் உடம்பின் வரலாற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறவருக்கு அது விசாரணை. நாளைக்குக் கோலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்று அவர் முடிவெடுப்பது அந்தப் பயணத்தில்தான்.

இன்னொன்றையும் நாம் கவனிக்கவில்லை. போலியோ இருந்த காலத்தில் ஊருக்கு ஊர் காலிப்பர் போட்ட பிள்ளைகள் இருந்தார்கள். ஒரே பள்ளியில் இரண்டு மூன்று பேர் கட்டை ஊன்றி வருவார்கள். இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸ் தாக்கிய கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் நாடு போலியோ அற்றதென அறிவிக்கப்பட்டது. நாம் பெருமைப்பட வேண்டிய வெற்றி அது. ஆனால் அதன் நிழலில், இன்றைக்கு மூளை முடக்குவாதத்தோடும் தசைச் சிதைவோடும் பள்ளிக்கு வரும் பிள்ளை வகுப்பில் தனி ஆளாக நிற்கிறது. கட்டை ஊன்றும் கூட்டாளி அதற்கு இல்லை. இந்த வரிசையில் புதிதாக வந்து சேர்கிறவர்களும் உண்டு. நம் கள்ளக்குறிச்சி வழியாகச் சேலம் போகும் நெடுஞ்சாலையை நினைத்துப் பாருங்கள். 2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், நாட்டிலேயே அதிகம். 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பிழைத்தவர்களில் சிலருடைய கண்ணைப் பறித்தது. ஊனம் யாரோ எவருக்கோ வருவது என்று சொல்லும் உரிமை வேறு ஊருக்கு இருக்கலாம், கள்ளக்குறிச்சிக்கு இல்லை.

கூச்சம் கொடுக்கப்படுகிறது என்பதற்கு இன்னொரு சாட்சி 2024 ஆகஸ்டில் சென்னையின் ஓர் அரசுப் பள்ளியில் நடந்தது. தன்னம்பிக்கை ஊட்ட அழைக்கப்பட்ட ஒரு பேச்சாளர், போன பிறவியில் செய்த பாவத்தால்தான் கையில்லாமலும் கண்ணில்லாமலும் பிறக்கிறார்கள் என்று மாணவர்கள் முன்னால் பேசினார். பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து எதிர்த்துக் கேட்டார். பேசியவர் கைதானார். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு, பொது இடத்தில் வேண்டுமென்றே ஒரு மாற்றுத்திறனாளியை அவமதிப்பவருக்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. அந்தப் பேச்சு மேடையில் நடந்ததால் வெளியே வந்தது. அதே பேச்சு வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் வாயிலிருந்து வரும்போது எழுந்து எதிர்க்கும் ஆசிரியர் அங்கே இல்லை. கேட்டு வளரும் பிள்ளைக்குத் தன் கையிலுள்ள கட்டை பாவத்தின் சாட்சியாகத்தான் தெரியும். அதை ஒளித்துவைக்காமல் வேறென்ன செய்யும்?

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். "கட்டை பழகிவிட்டால் கால் சோம்பேறியாகிவிடும், முயன்றால் நடக்கலாம்" என்று நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். பிசியோதெரபி தெரிந்தவர்களைக் கேளுங்கள். நடையை நிறுத்துவதற்காக யாரும் கோல் கொடுப்பதில்லை, நடையைத் தொடர்வதற்காகவே கொடுக்கிறார்கள். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்குத்தான் தசை வற்றுகிறது. "மாரியப்பன் எந்தக் கட்டையும் இல்லாமல் தாண்டவில்லையா?" என்று அடுத்துக் கேட்பார்கள். பக்கத்துச் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டிக்காரர், ஐந்து வயதில் பஸ் ஏறிக் கால் நசுங்கியவர், 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றவர். அவரை நாம் கொண்டாட வேண்டும். ஆனால் அந்தத் தங்கத்துக்குப் பின்னால் பயிற்சியாளரும் மைதானமும் பல ஆண்டு உழைப்பும் இருந்தன. கலைக்கல்லூரியின் மாடி வகுப்புக்குப் போக நினைக்கும் பெண்ணை அவரோடு ஒப்பிட்டு "உனக்கு மனவுறுதி இல்லை" என்று சொல்வது மாரியப்பனுக்கே செய்யும் அவமரியாதை.

இதைவிடக் கொடிய கேள்வி ஒன்று உண்டு: "நேத்து நடந்துதானே வந்தே, இன்னைக்கு எதுக்கு வீல்சேர்?" முடக்குவாதம், தசைநோய், முதுகுத்தண்டுக் காயம் இவையெல்லாம் தினமும் ஒரே அளவில் இருப்பதில்லை. பத்தடி நடக்க முடிகிறவருக்கு நூறடி முடியாது. காலையில் முடிந்தது மாலையில் முடியாது. நடிக்கிறார் என்ற சந்தேகம் எழும் இடத்தில், தேவையான நாளில்கூட நாற்காலியில் உட்கார எந்த இளைஞருக்கும் துணிச்சல் வராது. வலியை நிரூபித்துக் காட்டச் சொல்ல நாம் யார்?

நலத்திட்ட முகாமையும் பேசாமல் விட முடியாது. பந்தலில் மூணு சக்கர வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஊன்றுகோலின் மேல்நுனியை விருந்தினர் பிடித்திருக்கிறார், கீழ்நுனியைப் பயனாளி பிடித்திருக்கிறார், இருவரும் கேமராவைப் பார்க்கிறார்கள். அந்தக் கோல் அவர் உயரத்துக்குச் சரியா என்று பார்க்க அங்கே ஆள் இல்லை. கையைத் தொங்கவிட்டு நின்றால் கோலின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். அக்குள் கட்டை என்றால் அக்குளுக்குக் கீழே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். பாரம் உள்ளங்கையில் இறங்க வேண்டும், அக்குளில் இறங்கினால் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும். அளவெடுக்காமல் கொடுத்த கட்டையோடு நடப்பவர் கோணி நடக்கிறார், ஊர் பார்க்கிறது, கட்டை மூலைக்குப் போகிறது. பிறகு "கொடுத்தாலும் பயன்படுத்துவதில்லை" என்று அவர் மீதே குற்றம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2022-இல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் 250 கோடிப் பேருக்கு ஏதாவது ஓர் உதவிக் கருவி தேவை. அவர்களில் கிட்டத்தட்ட 100 கோடிப் பேருக்கு அது எட்டவில்லை. எட்டிய கருவியும் உடம்புக்குப் பொருந்தாவிட்டால் அதை எட்டாத கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

இந்தக் கூச்சத்தில் இடத்துக்கும் பெரும் பங்கு இருக்கிறது. கல்வராயன் மலைக் குக்கிராமங்களில் சாலை இல்லாத தடத்தில் சக்கர நாற்காலி என்ன செய்யும்? முடியாதவரைத் தொட்டில் கட்டித்தான் தூக்குகிறார்கள். வளர்ந்த பிள்ளை தூக்கிச் செல்லப்படும்போது படும் கூச்சத்துக்குக் காரணம் பாதை. சாராயச் சாவுகளுக்குப் பிறகு, 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகளைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. அந்தச் சாலைகளைக் கேட்கும்போது சக்கரத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள். சமவெளியில் மட்டும் என்ன வாழ்கிறது? சாதாரண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்குக் கட்டணம் இல்லை. ஆனால் முதல் படி முழங்கால் உயரத்தில் இருக்கிறது. இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி ஏற்ற, பஸ் முழுக்க வேடிக்கை பார்க்கிறது. சாய்தளம் என்றால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது விதி. கணக்குக் காட்டக் கட்டியவை பல சறுக்குமரம்போல் நிற்கின்றன. கலைஞருக்கே சட்டமன்றத்தில் சக்கர நாற்காலியோடு அமர ஏற்ற இருக்கை இல்லை என்பது ஒரு காலத்தில் பெரும் விவாதமானது. நம் மலையின் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைக்கு யார் விவாதிப்பார்கள்?

"சில பேருக்காக இவ்வளவு செலவா?" என்பார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில். கள்ளக்குறிச்சி மாவட்டம் உதயமானது 2019 நவம்பரில். சட்டத்துக்குப் பிறகு பிறந்த மாவட்டம் இது. அதன் பிறகு இங்கே எழும் எந்த அரசுக் கட்டடத்துக்கும் பழைய கட்டடம் என்ற சாக்குக் கிடையாது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

கடைசி மறுப்பு, மறைப்பது அவரவர் விருப்பம் என்பது. ஆம், விருப்பம்தான், யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனால் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டைப் பாருங்கள். போலியோவுக்குப் பிறகு நான்கு முறை குடியரசுத் தலைவர் தேர்தலில் வென்றவர், தம் சக்கர நாற்காலி படத்தில் விழாமல் வாழ்நாள் முழுக்கக் கவனமாக இருந்தார். 1997-இல் வாஷிங்டனில் அவருக்கு எழுப்பிய நினைவிடச் சிலையும் அதை மேலங்கியால் மறைத்தது. மாற்றுத்திறனாளிகள் விடாமல் போராடினார்கள். 2001-இல் சக்கர நாற்காலியில் வெளிப்படையாக அமர்ந்த அவர் சிலை அங்கே வைக்கப்பட்டது. உலகின் பெரிய பதவியில் இருந்தவரையே மறைக்க வைத்த ஊரார் பார்வை, கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பெண்ணை விட்டுவைக்குமா?

தம்பி தங்கைகளே, உங்களைத் தைரியமாக இருக்கச் சொல்லி நான் முடிக்கப்போவதில்லை. என் கோரிக்கை மற்றவர்களிடம். 2025 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம், ஒவ்வொரு கிராம ஊராட்சியிலும் ஒரு மாற்றுத்திறனாளியை உறுப்பினராக நியமிக்க வழி செய்திருக்கிறது. உங்கள் ஊராட்சியில் அந்த உறுப்பினர் யார் என்று கேளுங்கள். அவர் கூட்டத்துக்குக் கட்டையோடும் நாற்காலியோடும் வந்து உட்கார இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த கிராம சபையில் மூன்று தீர்மானம் போடுங்கள்: முகாமில் அளவெடுக்காமல் எந்தக் கருவியும் கொடுக்கக் கூடாது, கொடுக்கும்போது போட்டோ கூடாது, பள்ளிக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் சக்கரம் ஏறும் பாதை வேண்டும். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் கட்டையோடு ஓர் இளைஞர் வந்து உட்கார்ந்தால், கட்டை வைக்க இடம் விடுங்கள்; கேள்வி கேட்காதீர்கள்.