களியக்காவிளை முதல் நெய்யாற்றின்கரை வரை

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர்க்கு மாநில எல்லை என்பது பெரும்பாலும் புகைவண்டியில் உறங்கும்போது கடந்துபோகும் ஒன்று. எல்லையின்மீதே வீடும் தோட்டமும் கொண்டு வாழ்வோர் நிலை வேறு. அதனை அறிய, தென்கோடியில் உள்ள ஒரு சிறு சாலையின் வரலாற்றை இன்று நோக்குவோம்.

குமரி மாவட்டத்துக் களியக்காவிளையிலிருந்து கேரளத்து நெய்யாற்றின்கரைக்கு 12 அல்லது 13 கிலோமீட்டர்தான் இருக்கும். களியக்காவிளைக் கடைத்தெருவைத் தாண்டினால் இஞ்சிவிளை, பின்னர் மகாதேவர் கோயில் கொண்ட பாறசாலை, அப்பால் உதியன்குளங்கரை, அமரவிளையில் பாலத்தின்மேல் நெய்யாற்றைக் கடந்தால் நெய்யாற்றின்கரை. பழைய 47ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு துண்டு இது. கழக்கூட்டம்–காரோடு புறவழிச்சாலை அமைந்தபின், விரைந்து செல்வோர் இவ்வூர்களைக் காணாமலே போய்விடுகின்றனர்.

இவ்வூர்ப் பெயர்களைச் சற்றே கவனியுங்கள். விளை என்பது இப்பகுதியில் மேட்டுநிலத் தோட்டத்தைக் குறிக்கும் சொல். மலை மலையாளத்தில் மல ஆவதுபோல், விளை விள ஆகிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே அதிக வேலை இல்லை. ஈற்றிலுள்ள ஐகாரத்தை அகரமாக்கினால் போதும்.

பத்மநாபபுரம் திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த காலத்திலும், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரசிருக்கை திருவனந்தபுரத்துக்கு மாறிய பின்னரும், இரு நகரங்களையும் இணைத்தது இத்தடமே. பாலராம வர்மாவின் ஆட்சியில் தமிழ்நாட்டு நெசவாளர்கள் நெய்யாற்றின்கரைக்கு அப்பாலுள்ள பாலராமபுரத்தில் குடியமர்த்தப்பட்டனர். அங்குள்ள சாலியர் தெருவில் இன்றும் தமிழ் ஒலிக்கிறது. 1979இல் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி இருப்புப்பாதை திறக்கப்படும்வரை, இருபுறத்து மக்களின் போக்குவரத்து முழுவதையும் சாலையே தாங்கிவந்தது.

விடுதலைக்குப் பின் மொழிவழி மாநிலக் கோரிக்கை எழுந்தது. நேசமணி முதலியோர் நடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தெற்கு வட்டங்களோடு நெய்யாற்றின்கரையையும் தமிழகத்தோடு சேர்க்க வேண்டுமென்றது. 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. மலையாளம் பேசுவோர் மிகுந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. இச்சாலையின் குறுக்கே எல்லை வந்தது அன்றுதான். கோடு எங்கே விழுந்தாலும் சில தமிழ்க் குடும்பங்கள் அப்புறமும், சில மலையாளக் குடும்பங்கள் இப்புறமும் நின்றுவிடுவதைத் தவிர்த்திருக்க இயலாது.

ஆயினும் ஆண்டுதோறும் இச்சாலை ஒரு காட்சியைக் காண்கிறது. நவராத்திரிக்கு முன்னர்ப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் இவ்வழியே திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகின்றனர். அந்தச் சரஸ்வதி கம்பர் வழிபட்ட திருமேனி என்பது வழிவழிச் செய்தி. முதல்நாள் இரவு குழித்துறையிலும், மறுநாள் இரவு நெய்யாற்றின்கரையிலும் தங்கல். களியக்காவிளையில் தமிழகத்து அலுவலர்கள் வழியனுப்ப, கேரளத்து அலுவலர்கள் எதிர்கொண்டு வரவேற்கின்றனர். விழா முடிந்ததும் தெய்வங்கள் அதே வழியில் தத்தம் ஊர் திரும்புகின்றன. புறப்படும் இடம் ஒரு மாநிலத்திலும் சேரும் இடம் மற்றொரு மாநிலத்திலும் அமைந்துவிட்டமையால் இவ்வழக்கம் நின்றுபோயிருக்கலாம். இரு அரசுகளும் ஒத்துழைத்து அதனைக் காத்துவருகின்றன.

தெய்வங்களுக்குக் கிட்டும் இந்த வழிவிடுதல் மனிதர்க்கும் கிட்ட வேண்டுமல்லவா? அமரவிளை வணிகவரிச் சோதனைச் சாவடியில் சரக்கு வண்டிகள் காத்துக் கிடந்த காலம் 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்ததோடு முடிந்தது. ஆனால் 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது எல்லையில் தடுப்புகள் எழுந்தன. மருத்துவத்துக்குத் திருவனந்தபுரத்தையே நம்பியிருந்த குமரி மாவட்டத்தவர், அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வரைபடத்தில் இருந்த கோட்டினை அன்று கண்ணாரக் கண்டனர்.

ஆட்சிக்கு எல்லை வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் எல்லை வகுப்போரும் காப்போரும், அதன் குறுக்கே அன்றாடம் நடப்போரை மனத்திற்கொள்ளுதல் வேண்டும். அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு, இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.