இன்ஜினை சென்னைக் காத்துக்கு டியூன் பண்ணுங்க

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

அடையார்லேர்ந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாரு. "ரெண்டு வருஷமா சின்ன எலெக்ட்ரிக் ஆர்சி பிளேன் ஓட்டுறேன். அடுத்து ஜயன்ட் ஸ்கேல் ரேஸர் பண்ணலாம்னு ஆசை. எந்த இன்ஜின் வாங்கினா செம ஸ்பீடு வரும்?" இதுதான் கேள்வி. இன்னைக்கு எபிசோட் முழுக்க இதுக்கான பதில்தான்.

முதல்ல, ஜயன்ட் ஸ்கேல்னா எவ்வளவு பெருசு? ஒத்தை இறக்கை விமானம்னா இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் 80 இன்ச், அதாவது ரெண்டு மீட்டருக்கு மேல. அமெரிக்காவுல ரீனோ பக்கத்துல 1964லேர்ந்து 2023 வரைக்கும் நிஜ விமானங்களை வெச்சே ரேஸ் நடத்தினாங்க. ரெண்டாம் உலகப்போர் காலத்து மஸ்டாங், ஸீ ஃப்யூரி மாதிரி விமானங்கள் தூண்களைச் சுத்திப் பறக்கும். அதோட சின்ன வடிவம்தான் இந்த ரேஸ். ஆனா 'சின்ன'ன்னு சொல்றது கொஞ்சம் ஏமாத்து வேலை. ஒரு கணக்கு போடலாம். 15 கிலோ பிளேன் மணிக்கு 240 கிலோமீட்டர்ல போகுதுன்னு வெச்சுக்கோங்க. பைக்கும் ஆளும் சேர்ந்து 200 கிலோ, ஓஎம்ஆர்ல 65ல போறாங்கன்னா அதுல என்ன ஆற்றல் இருக்கோ, ஏறக்குறைய அதே ஆற்றல் இந்த பிளேன்ல இருக்கு. அது மோதுற இடத்துல யாரும் இருக்கக் கூடாது.

அதனால நேயரோட கேள்வியை நான் கொஞ்சம் மாத்திக்கறேன். எந்த இன்ஜின் வேகமா போகும்னு கேக்கறதுக்கு முன்னாடி, எந்த இன்ஜின் நடுவானத்துல நிக்காதுன்னு கேளுங்க. ரேஸ் பிளேனுக்கு இறக்கைப் பரப்பு கம்மி, எடை ஜாஸ்தி. இன்ஜின் நின்னா பட்டம் மாதிரி மிதந்து இறங்காது. பதறிப்போய் ஆளுங்க நிக்கற பக்கம் திருப்பினா ஸ்டால் ஆகி விழும்.

சரி, இன்ஜினுக்கு வருவோம்

பேர் போன இன்ஜின்கள்னா ஜப்பானோட ஸெனோவா ஜி-62, 62 சிசி, ஒத்தை சிலிண்டர். அமெரிக்காவோட டெசர்ட் ஏர்கிராஃப்ட் டிஏ-150, எதிரெதிரா ரெண்டு சிலிண்டர். ஜெர்மனியோட 3டபிள்யூ, சீனாவோட டிஎல்இயும் இருக்கு. ஒரு ஒப்பீட்டுக்கு, நம்ம ஆர்எக்ஸ் 100 பைக் இன்ஜின் 98 சிசி, சுமார் 11 குதிரைத்திறன். டிஏ-150 சுமார் 16 குதிரைத்திறன், எடை நாலு கிலோவுக்குள்ள! ரெண்டும் டூ-ஸ்ட்ரோக்தான். எதிரெதிர் சிலிண்டர்ல ரெண்டு பிஸ்டனும் ஒரே நேரத்துல வெளியே போய் உள்ள வரும். அதனால அதிர்வு பெரும்பாலும் அடிபட்டுப் போயிடும். ஒத்தை சிலிண்டர்ல அந்த அதிர்வு நேரா பிளேனோட உடம்புக்கு, சர்வோவுக்கு, வயருக்குப் போகும்.

ஆனா சிசியை மட்டும் பாத்து வாங்காதீங்க. வேகத்தோட மேல் எல்லையைப் போடறது ப்ரொப்பெல்லர். ப்ரொப்ல ரெண்டு எண் போட்டிருக்கும். 32க்கு 10னா விட்டம் 32 இன்ச், பிட்ச் 10 இன்ச். பிட்ச்னா ஒரு சுத்துல அது முன்னாடி போக வேண்டிய தூரம். 10 இன்ச் பிட்ச், 6,500 ஆர்பிஎம்னா கணக்குப்படி மணிக்கு 99 கிலோமீட்டர்தான் வரும். சாகசம் பண்றவங்களுக்கு அது போதும், பிளேன் வால்ல நிக்கும். அதே இன்ஜினை ரேஸுக்குக் கொண்டு வந்தா விட்டத்தைக் குறைச்சு பிட்ச்சை ஏத்தணும். 20 இன்ச் பிட்ச், 8,000 ஆர்பிஎம்னா சுமார் 244. விட்டத்தை ஏன் குறைக்கணும்? 28 இன்ச் ப்ரொப் 8,000ல சுத்தினா அதோட முனை நொடிக்கு கிட்டத்தட்ட 300 மீட்டர் வேகத்துல போகும். ஒலியோட வேகத்தை நெருங்கற இடம் அது. இன்ஜினோட சக்தி சத்தமா வீணாப் போகும்.

டியூனிங்

இந்த வேலையில சென்னைக்கு நல்ல அனுபவம் உண்டு. புதுப்பேட்டை பக்கம் ஆர்எக்ஸ் 100 பாத்த பழைய மெக்கானிக் யாரையாவது கேளுங்க. ப்ளக்கைக் கழட்டி கலரைப் பாத்தே சொல்லிடுவாரு. நல்ல டிகிரி காபி நிறம்னா சரி. கருப்பா, ஈரமா இருந்தா ரிச், அதாவது பெட்ரோல் ஜாஸ்தி. வெள்ளையா இருந்தா லீன், பெட்ரோல் கம்மி. டூ-ஸ்ட்ரோக்ல லீன்தான் எமன். ஏன்னா ஆயில் பெட்ரோல்லதான் கலந்து வருது. பெட்ரோல் குறைஞ்சா சூடும் ஏறும், ஆயிலும் குறையும். பிஸ்டன் புடிச்சுக்கும். ரிச்சா ஓடினா புகை வரும், கொஞ்சம் மந்தமா இருக்கும், ஆனா வீட்டுக்கு வந்து சேரும்.

இந்த இன்ஜின்கள்ல பெரும்பாலும் வால்ப்ரோ கார்புரேட்டர் இருக்கும். அதுல ரெண்டு ஊசி: 'லோ', 'ஹை'. மேனுவல்ல சொன்ன அளவுல தொடங்குங்க. முதல்ல லோ. ஐடில்லேர்ந்து த்ராட்டிலை டக்குன்னு திறந்தா இன்ஜின் இருமி நின்னா லோ லீன். களகளன்னு தயங்கி ஏறினா ரிச். அப்புறம் முழு த்ராட்டில்ல ஹை ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமா மூடி உச்ச ஆர்பிஎம்மைக் கண்டுபிடிங்க. ஆனா அங்கேயே விட்டுடாதீங்க. திரும்பத் திறந்து ஒரு 200 ஆர்பிஎம் கீழ இறக்குங்க. அப்புறம் லோவை இன்னொரு தடவை பாருங்க, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுக்கும். ஊசியைத் திருப்பும்போது இன்ஜினை ஐடிலுக்குக் கொண்டு வந்து, ப்ரொப்புக்குப் பின்னாடியிலேர்ந்துதான் கை வைக்கணும்.

ஏன் 200ஐ விட்டுக் கொடுக்கணும்? தரையில நிக்கற பிளேனோட ப்ரொப் காத்தை இழுக்க ரொம்ப கஷ்டப்படும். பறக்க ஆரம்பிச்சதும் சுமை குறைஞ்சு ஆர்பிஎம் தானா ஏறும். தரையில உச்சத்துல வெச்ச இன்ஜின் மேல போய் லீன் ஆயிடும். ட்யூண்ட் பைப் போட்டா இன்னும் கவனம் வேணும். புகையோட சேர்ந்து போற அழுத்த அலை பைப் முனையில மோதித் திரும்பி, வெளியே ஓடப் பாக்கற புது பெட்ரோலை சிலிண்டருக்குள்ள தள்ளும். ஆனா அது ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம் வீச்சுல மட்டும்தான் நடக்கும். பைப் நீளத்தைப் பறக்கும்போது வர ஆர்பிஎம்முக்கு வைக்கணும், தரையில வர ஆர்பிஎம்முக்கு இல்ல.

இப்ப சென்னைக் காத்து. மே மாசம் 38 டிகிரியில இருக்கற காத்தை விட ஜனவரி காலையில 22 டிகிரியில இருக்கற காத்து சுமார் 5 சதவீதம் அடர்த்தி. அடர்த்தியான காத்துல ஆக்சிஜன் ஜாஸ்தி. அப்படின்னா மே மாசம் கச்சிதமா வெச்ச ஊசி ஜனவரியில லீன். குளிரடிச்சா இன்ஜினுக்கு நல்லதுதானேன்னு நினைப்போம், ஆனா ஆபத்து அங்கதான் இருக்கு. வெயில்ல வேற பிரச்சினை. கவுலுக்குள்ள வர காத்து சிலிண்டர் ஃபின்னுக்கு நடுவுல போயே ஆகணும், வெளியேற வழி உள்ள வர வழியை விட ரெண்டு மடங்காவது பெருசா இருக்கணும். நுழைஞ்ச காத்து வெளியே போக முடியலன்னா கூலிங்கே இல்ல.

அடுத்தது பெட்ரோல். 2023லேர்ந்து பங்குகள்ல இ-20 வர ஆரம்பிச்சது, 20 சதவீதம் எத்தனால். சுத்தமான பெட்ரோல் ஒரு கிராம் எரிய 14.7 கிராம் காத்து வேணும். இ-20க்கு சுமார் 13.5 போதும். அதனால வெளிநாட்டு யூடியூப் வீடியோல சொன்ன ஊசி அளவை அப்படியே வெச்சா, நம்ம பெட்ரோல்ல இன்ஜின் லீனா ஓடலாம். எத்தனால் எவ்வளவு இருக்குன்னு நீங்களே பாக்கலாம். அளவுக் குழாய்ல 10 மில்லி தண்ணி, 100 மில்லி பெட்ரோல் ஊத்தி, குலுக்கி, பத்து நிமிஷம் விடுங்க. அடியில இருக்கற தண்ணி அளவு எவ்வளவு ஏறுதோ, ஏறக்குறைய அவ்வளவு எத்தனால். நெருப்பு இல்லாத, காத்தோட்டமான இடத்துல பண்ணுங்க. எத்தனால் ஈரத்தை இழுக்கும், நம்ம ஊர்ல ஈரத்துக்குப் பஞ்சமே இல்ல. அதனால வாராவாரம் புதுசா கலந்துக்கோங்க, பறந்து முடிச்சதும் டேங்க்கையும் கார்புரேட்டரையும் காலி பண்ணிடுங்க. ஆயில் 40க்கு 1னா லிட்டருக்கு 25 மில்லி.

ஃப்ளாட்ல இருந்துட்டே என்ன பண்ணலாம்?

மயிலாப்பூர்ல மொட்டை மாடியில இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிடாதீங்க, அசோசியேஷன் மீட்டிங்ல நீங்கதான் முதல் அஜெண்டா. ஆனா ப்ரொப் பேலன்ஸ், டேங்க் குழாய் கசிவு, போல்ட் டைட், இக்னிஷன் பேட்டரி, எடைக் கணக்கு எல்லாம் ஹால்லயே முடிச்சிடலாம். வயர், கனெக்டருக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கு. மைதானத்துக்குப் போனா ஊசி வேலை மட்டும்தான் மிச்சம் இருக்கணும். கிளம்பறதுக்கு முன்னாடி டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைத் திறந்து இடத்தைப் பாருங்க, விமான நிலையம் பக்கத்துல இருக்கற ஊர் இது. ட்ரோன் விதிகள் 2021 படி 2லேர்ந்து 25 கிலோ வரைக்கும் 'ஸ்மால்' வகை. நம்ம ரேஸர் அதுலதான் வரும். அதுக்கான விதிகளை முழுசாப் படிச்சிடுங்க.

கடைசியா ஒண்ணு. குரோம்பேட்டை எம்ஐடியோட தக்‌ஷா அணியை ஞாபகம் இருக்கா? நடிகர் அஜித் ஆலோசகரா இருந்த அணி. 2018ல ஆஸ்திரேலியாவுல மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டியில ரெண்டாவது இடம் வாங்கினாங்க. தூரத்துல இருக்கற ஒருத்தர்கிட்டேர்ந்து ரத்த மாதிரியை வாங்கிட்டு வரணும், அதுதான் போட்டி. எவ்வளவு ஸ்பீடா பறந்தாலும் மாதிரி திரும்பி வரலன்னா பிரயோஜனம் இல்ல. தூணைச் சுத்தற ரேஸுலயும் அதே கதைதான். கடைசிச் சுத்து வரைக்கும் இன்ஜின் ஓடினவங்களுக்குத்தான் இடம்.

அதனால அடையார் நண்பரே, முதல்ல நல்லா சர்வீஸ் கிடைக்கற ஒரு இன்ஜினை வாங்குங்க. ஒரு நோட்டுல தேதி, வெப்பம், பெட்ரோல், ஊசி எத்தனை சுத்து, ஆர்பிஎம் எவ்வளவுன்னு ஒவ்வொரு தடவையும் எழுதுங்க. ஒரு வருஷம் கழிச்சு அந்த நோட்டை போட்டோ எடுத்து அனுப்புங்க, அதை வெச்சே ஒரு எபிசோட் பண்ணலாம். மத்தவங்களும் கேள்விகளை வாய்ஸ் நோட்ல போடுங்க. அடுத்த வாரம் பாப்போம்.