மணல் நிரப்பாத சுரங்கங்கள்
(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



சுரங்கம் என்றதும் நம்மில் பலருக்கு நெய்வேலிதான் நினைவுக்கு வரும். அங்கே எடுக்கப்படுவது பழுப்பு நிலக்கரி, திறந்தவெளிச் சுரங்கம். இன்று நான் பேசப்போவது தாமோதர் ஆற்றுப் படுகையில், ராணிகஞ்சிலும் ஜாரியாவிலும், பூமிக்கு அடியில் இறங்கி வெட்டப்பட்ட நிலக்கரியைப் பற்றி.

1774இல் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த சம்னர், ஹீட்லி என்ற இருவர் ராணிகஞ்சில் தோண்டத் தொடங்கினர். ஆனால் 1855இல் ஹவுராவிலிருந்து அங்கு ரயில் சென்ற பிறகே இத்தொழில் வேகம் பிடித்தது. ரயில் நிலக்கரியைத் தின்றது. சந்தைக்குச் சுமந்தும் சென்றது. வெட்டியவர்கள் யார்? சந்தால்களும் பவுரிகளும், ஆதிவாசி, தலித் குடும்பங்கள். கம்பெனிகள் ஜமீன் உரிமைகளை வாங்கி, சுரங்கத்தில் இறங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அவர்களுக்கு நிலம் கொடுத்தன. ஆண் வெட்டினான், பெண் கூடையில் சுமந்தாள். பெண்கள் நிலத்தடியில் வேலை செய்வதைப் படிப்படியாக நிறுத்தும் விதிகள் 1929இல் வந்தன. மாற்று வேலை எதுவும் தரப்படவில்லை. 1943இல் போருக்கு நிலக்கரி தேவைப்பட்டபோது அதே அரசு தடையை நீக்கிப் பெண்களை மீண்டும் கீழே இறக்கியது. போர் முடிந்ததும் 1946இல் திரும்பவும் வெளியேற்றியது. பெண் தொழிலாளியின் மீது காலனி அரசு கொண்ட அக்கறையின் அளவு இதுதான்.

இனி, வெட்டும் முறையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். அது தெரியாமல் விபத்துகளின் அரசியல் புரியாது. நிலக்கரி அடுக்குக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பாதைகள் குடைவார்கள். இடையில் சதுரமான நிலக்கரித் தூண்களை விட்டுவைப்பார்கள். கூரையைத் தாங்குபவை அவைதாம். பின்னர் திரும்பி வரும் வழியில் அத்தூண்களையும் வெட்டி எடுப்பார்கள். அப்போது வெற்றிடத்தில் ஆற்று மணலைத் தண்ணீரோடு குழாய் வழியே செலுத்தி நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் மேலே நிலம் விரிசல் விட்டு அமிழும். அவ்வழியே காற்று புகும். மிச்சமிருக்கும் நிலக்கரி காற்றோடு சேர்ந்து தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் புதிய விஞ்ஞானம் எதுவும் தேவைப்படவில்லை. மணல் நிரப்புவதற்கென்றே 1939இல் தனிச் சட்டம் வந்தது. ஆனால் மணலுக்குச் செலவு உண்டு. அதனால் வரும் லாபம் எதுவும் முதலாளியின் கணக்கில் ஏறாது. ஆகவே தூண்களைச் சுரண்டி மெலிய வைத்து, கைக்கு எட்டிய நல்ல நிலக்கரியை மட்டும் அள்ளிக்கொண்டு அடுத்த குழிக்குப் போனார்கள். ஜாரியாவில் 1916இல் முதன்முதலாகப் பதிவான நிலத்தடித் தீ நூறாண்டு கடந்தும் அணையவில்லை. அதன் மேல் மக்கள் குடியிருக்கிறார்கள்.

1965இல் தோரி சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிப்பில் 268 தொழிலாளர்கள் மாண்டனர். தொழிலாளர் போராட்டங்களும், உருக்குத் தொழிலின் தேவையும் சேர்ந்து நாட்டுடைமையைக் கொண்டுவந்தன: 1972 மே 1இல் கோக்கிங் நிலக்கரிச் சுரங்கங்கள், 1973 மே 1இல் மற்றவை. நிரந்தர வேலையும் தேசிய ஊதிய ஒப்பந்தமும் நாம் பெற்றவை. நாட்டுடைமை ஆனதாலேயே கூரை பத்திரமாகிவிடவில்லை என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. 1975 டிசம்பர் 27 அன்று சாஸ்நாலாவில், மேலே கைவிடப்பட்ட பழைய குடைவில் தேங்கியிருந்த நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்து 370க்கும் மேற்பட்டோரை மூழ்கடித்தது. அது அரசு நிர்வாகத்தில் இருந்த சுரங்கம். உடைமை மாறினாலும் உற்பத்தி இலக்கே எல்லாவற்றையும் ஆண்டால் விளைவு இதுதான்.

அதே 1975இல் வெளியான ஓர் அரசு அறிவிக்கையைத் தோழர்கள் நினைவில் வைக்க வேண்டும். நிலக்கரி வெட்டுதல், ஏற்றி இறக்குதல், மேல்மண் அகற்றுதல் ஆகிய வேலைகளில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்துவதை அது தடை செய்தது. பிறகு என்ன நடந்தது? உற்பத்தி திறந்தவெளிக்கு நகர்ந்தது. இன்று நாட்டின் நிலக்கரியில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் அங்கிருந்தே வருகிறது. திறந்தவெளிச் சுரங்கத்தின் பெரும் வேலையே மேல்மண் அகற்றுவதுதான். அந்த வேலையே தனியார் ஒப்பந்ததாரர்களிடம் போய்ச் சேர்ந்தது. 2016 டிசம்பரில் ஜார்க்கண்டின் ராஜ்மகல் பகுதியில், லால்மாட்டியா சுரங்கத்தில் மண்மேடு சரிந்து 23 பேர் புதைந்தார்கள். அங்கே வேலை செய்தது ஒப்பந்த நிறுவனம்.

2020 ஜூனில், யார் வேண்டுமானாலும் வெட்டி யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்ற ஏலத்தை ஒன்றிய அரசு தொடங்கியது. ஜூலை 2 முதல் மூன்று நாள்கள், பெருந்தொற்றுக்கு நடுவே, நிலக்கரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏலம் நிற்கவில்லை. மணலுக்கு யார் செலவு செய்வது என்ற பழைய கேள்வியோடு தனியார் முதலாளி திரும்பி வந்திருக்கிறார்.

கிளைகளில் ஒப்பந்தத் தொழிலாளர் பிரச்சினையைப் பேசும்போது 1975ஆம் ஆண்டு அறிவிக்கையின் பட்டியலை வாசித்துக் காட்டுங்கள். லால்மாட்டியாவில் புதைந்தவர்கள் எந்த வேலையில் இருந்தார்கள் என்பதையும் அதன் பக்கத்திலேயே சொல்லுங்கள்.