ஊருக்கு வாங்கி வருவது
(உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போனபோது, நியூயார்க்கில் ஒரு சுதந்திர தேவி சிலை வாங்கினேன், கொலுவில் வைக்கலாமென்று. பெங்களூர் வந்து அடிப்பாகத்தைத் திருப்பினால் 'மேட் இன் சைனா'! எங்காத்து மாமி இன்னும் சிரிக்கிறாள்.

தப்பு என்னுடையதுதான். யார், எங்கே செய்தது என்று கடைக்காரரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நம் ஊருக்கு வருகிறவர்களும் அப்படி ஏமாறக் கூடாதல்லவா? மைசூர் சாலையில் 60 கிலோமீட்டரில் சென்னபட்டணா. அதன் பொம்மைகள் 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்றவை. வெட்பாலை மரத்துண்டைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தாழை ஓலையால் தேய்க்கத் தேய்க்க அந்தப் பளபளப்பு வருகிறது. இவ்வளவையும் பார்த்துவிட்டு நான் இருபது ரூபாய்க்குப் பேரம் பேசினேன். நினைத்தால் வெட்கமாயிருக்கிறது.

கோடை விடுமுறைக்குப் பேத்தி வருகிறாள். கடையில் வாங்குவதாக இல்லை. அவள் கண்ணெதிரே ஒரு பம்பரம் கடைந்து தரும்படி பட்டறையில் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த முறை, கேட்ட விலைதான்.