கைப்பேசிச் சூதும் காலைப் பிரட்டும்

ஜொகூர் மாநிலத் தோட்டத் தொழிலாளப் பெருமக்களே!

சீட்டாட்டம் இன்று கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது. நள்ளிரவு கடந்தும் போக்கர் ஆடுபவர் விடியற்காலைப் பிரட்டுக்கு எவ்வாறு வருவார்? வெயில் ஏறினால் பால் குறையும். தூக்கக் கலக்கத்தில் உளி ஆழப் பாய்ந்தால் மரம் காயமுறும். மறுபட்டை சீராக வளராது. தக்க காரணமோ அறிவிப்போ இன்றி இரண்டு நாளுக்கு மேல் தொடர்ந்து வேலைக்கு வாராதவர், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஒப்பந்தத்தை முறித்தவராகக் கருதப்படுவார்.

தமிழகத்தில் கடனில் மூழ்கிச் சிலர் உயிர்துறந்தனர். 2022இல் அங்குச் சட்டமன்றம் இணையச் சூதாட்டத் தடை மசோதாவை நிறைவேற்றியது.

இழந்ததை மீட்க மீண்டும் ஆடாதிருப்போம். சம்பளத்தை இல்லத்தாரிடம் ஒப்படைப்போம். பழக்கத்தை விட இயலாதவர் மறைக்காது அரசாங்கச் சுகாதார நிலையத்தில் ஆலோசனை பெறுவாராக. உழைத்த காசு நம் குழந்தைகளுக்கே உரியது.