கூட்டம் கூட்டினால் போதுமா?

(மாதுங்காவில் நடந்த உறுப்பினர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாதுங்காவிலும் செம்பூரிலும் நம்மவர்கள் பலர் குடியிருக்கும் பழைய கட்டிடங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, புதிதாக எழும்பிக்கொண்டிருக்கின்றன. அதற்காக சொசைட்டிகளில் கூட்டத்துக்கு மேல் கூட்டம். "எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சந்தேகம் வந்தது" என்று என்னிடம் சொன்னவர்கள் ஒருவர் இருவர் அல்ல. ஆகவே, கூட்டம் நடத்துவதைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

அடியேன் ரசாயனப் பட்டதாரி. ப்யூரெட்டைச் சரியாகக் கழுவாமல் டைட்ரேஷன் செய்தால், கணக்கு எவ்வளவு சரியாகப் போட்டாலும் விடை தப்பாகத்தான் வரும். கூட்டமும் அப்படித்தான். முன்னேற்பாட்டில் பிழை இருந்தால் தீர்மானத்திலும் பிழை இருக்கும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு தோல்வி தேவைப்பட்டது.

உத்தியோகத்தில் இருந்தபோது, ஒரு குடிசைப் பகுதியில் பொதுக் குழாய்களை எங்கே வைக்கலாம் என்று மக்களைக் கேட்கக் கூட்டம் ஏற்பாடு செய்தேன். ஷாமியானா, மேடை, மைக், மாலை எதற்கும் குறைவில்லை. நேரம் காலை 11 மணி. முன்வரிசையில் உள்ளூர்ப் பிரமுகர்கள். அரை மணியில் ஏகமனதாக முடிவு. மினிட்ஸும் எழுதியாயிற்று. சில மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், புதுக் குழாயடியில் ஆண்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பழைய இடத்துக்கே குடத்தோடு நடந்துகொண்டிருந்தார்கள். "ஏம்மா, கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாமே?" என்றேன். "பதினோரு மணிக்கு நாங்க வேலைக்குப் போயிருப்போம் சார். வந்திருந்தாலும் எங்களை எங்கே உட்கார வெச்சிருப்பீங்க?" என்றாள் ஒரு தமிழ்ப் பெண். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நாற்காலிகளை எண்ணிய நான், யாரால் வர முடியும் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

இதை நன்கு அறிந்தவர் ஒருவர் இதே மும்பையில் வாழ்ந்தார். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். தச்சுத் தொழிலாளியாக வந்து, டிராம்பே பக்கம் ஜனதா காலனியில் வசித்தவர். அந்தக் காலனி 1976-ல் இடிக்கப்பட்டு, மக்கள் சீட்டா கேம்ப்புக்கு மாற்றப்பட்டார்கள். அவர் தலைமையில் இயங்கிய குடிசைவாசிகள் கூட்டமைப்பு, 1984-ல் தொடங்கிய 'ஸ்பார்க்' நிறுவனம், நடைபாதைப் பெண்களின் 'மகிளா மிலன்' மூன்றும் கைகோத்து வேலை செய்தன. அவருக்கு 2000-ல் மகசேசே விருதும் 2011-ல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. 2018-ல் காலமானார்.

1985 ஜூலையில் நடைபாதைவாசிகளை அகற்றலாம் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த சமயம், பைகுல்லாவில் ஒரு மாநகராட்சி மருந்தகத்தின் கராஜில்தான் ஸ்பார்க் இயங்கியது. மேடையும் மாலையும் இல்லாத அந்த இடத்துக்குப் பெண்கள் குழந்தைகளோடு வந்து போகலாம். 'எப்படிப்பட்ட வீடு வேண்டும்?' என்று கேட்டால் நடைபாதையில் வாழ்பவர் என்ன சொல்வார்? ஆகவே வாயால் கேட்டதோடு விடாமல், மரச்சட்டமும் துணியும் கொண்டு முழு அளவில் ஒரு மாதிரி வீட்டை எழுப்பினார்கள். உள்ளே நின்று பார்த்ததும் பேச்சு தானாக வந்தது. பெண்கள் தேர்ந்தெடுத்தது 14 அடி உயரமுள்ள அறை, நடுவில் ஒரு பரண். சின்ன இடத்தில் பெரிய குடும்பம் படுத்து எழ அதுவே வழி. மேஜையில் விரித்த ப்ளூ பிரிண்டைப் பார்த்து இதை யாரும் சொல்லியிருக்க முடியாது.

தாராவிச் சந்துகளில் வாழும் தமிழர்களுக்கும் இன்று வீடு பற்றிய கேள்விதான். நம் சொசைட்டிகளிலும் அதே கேள்விதான். சதுர அடி மட்டும் வேறு.

என் அனுபவத்தில் கண்ட சில ஏற்பாடுகளைச் சொல்கிறேன். நாள் குறிக்குமுன் வயதானவர்களையும் வேலைக்குப் போகும் பெண்களையும் நேரம் கேளுங்கள். மொட்டை மாடி வேண்டாம், தரைத்தளம் போதும். விவரத்தைப் பெரிய எழுத்தில், அவரவர் பாஷையில், ஒரு வாரம் முன்பே வீடு வீடாகக் கொடுங்கள். காபியைக் கடைசியில் வைக்காமல் முதலிலேயே கொடுத்தால் நேரத்துக்கு வருவார்கள், வாயும் திறக்கும். ஐம்பது பேரை ஒன்றாக உட்காரவைத்தால் ஐந்து பேர்தான் பேசுவார்கள். எட்டெட்டுப் பேராக வட்டமாக உட்கார வையுங்கள். ஒரு வட்டத்துக்கு ஒரே கேள்வி. செக்ரெட்டரி நடத்த வேண்டாம், அவர் பதில் சொல்பவர். நடத்துபவர் தம் அபிப்பிராயத்தைச் சொல்லக் கூடாது. சொன்னதைச் சார்ட்டில் எழுதி, கலையுமுன் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

செம்பூரில் ஒரு சொசைட்டியில், புது ஃப்ளாட்டின் அளவைக் கார் நிறுத்துமிடத்தில் சாக்பீஸால் முழுசாக வரையச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். எண்பது வயதைத் தாண்டிய ஒரு மாமி, தனியாக இருப்பவர், வாக்கரோடு அந்தக் கோடுகளுக்குள் நடந்து வந்தார். குளியலறை வாசற்கோட்டில் நின்றுவிட்டார். வாக்கர் நுழையவில்லை. அதுவரை நடந்த எந்தக் கூட்டத்திலும் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று, "நான் எப்படிக் குளிப்பேன்?" என்று மட்டும் கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. கதவின் அகலத்தை மாற்ற பில்டரும் சம்மதித்தார். கட்டிய பிறகு கேட்டிருந்தால் நடந்திருக்குமா?

இதற்கெல்லாம் நேரமாகுமே என்பார்கள். வாஸ்தவம். இரண்டு மாலைப்பொழுது அதிகமாகும். வாழப்போவதோ மீதி ஆயுள் முழுவதும். மகாராஷ்டிர அரசின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டு ஆணை, மறுமேம்பாட்டுக்கான சிறப்புப் பொதுக்குழுவை வீடியோ எடுக்கச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் தலையாட்டியது வீடியோவில் தெரியும், புரிந்ததா என்பது தெரியாது.

பிற நகரங்களில் இதைப் படிக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு நாற்காலி போடுமுன், வராதவர் யார், வந்தும் பேசாதவர் யார் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். ஏற்பாட்டை அந்தப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்.